வடைக் காகிதத்தில் வந்த வினை

புதுக்கோட்டையில் கண்ணைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படித்த ஒரே மனிதர் டிடா அண்ணன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

ரேடியோ ரிப்பேர்க்காரர். திருக்கோகர்ணத்தில் ஒரு மாடியறையில் நானும் அவரும் குடியிருந்தோம். சொந்தமாக வயர்லெஸ் வைத்து உலகத்தோடு பேச அவருக்கு லைசென்ஸ் வேண்டும். அதற்கு மோர்ஸ் என்கிற தந்தி ஒலிக்குறிகளில் பரீட்சை. குட்டை ஒலிக்கு டிட், நெட்டை ஒலிக்கு டா.

"இதக் காதாலதான் படிக்கணும் தம்பி. கண்ணுல பட்டுச்சு, போச்சு!"

நான் எழுத்து அட்டவணையை விரித்ததும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்வார். தாலுகா ஆபீஸில் மாரடித்துவிட்டு வந்து நான் வாயாலேயே டிட், டா சொல்ல வேண்டும். அவர் எழுதுவது பாதி தாளிலும் பாதி பாயிலும் இருக்கும்.

மெட்ராஸ் போய் இரண்டு முறை தோற்றார். வார்த்தை முடிவதற்குள் மீதியை ஊகித்து எழுதிவிடுவாராம். மூன்றாவது முறையும் தோற்றால் ஆசையையே விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அதனால் ஊகிக்கவே முடியாதபடி, அர்த்தமில்லாத எழுத்துகளை ஐந்தைந்தாகச் சொல்லச் சொன்னார். தாள்கள் குவிந்தன. அவற்றைப் பழைய பேப்பராக டீக்கடைக்குப் போட்டார். அங்கேதான் பிடித்தது சனி.

மெட்ராஸ் கிளம்பவேண்டிய அன்று, வடை தின்ற ஏட்டு எண்ணெய்க் காகிதத்தில் 'எக்ஸ் க்யூ ஜே ஆர் டி' என்று படித்து அரண்டுபோனார். அரைமணியில் நாங்கள் இருவரும் ஸ்டேஷனில் நின்றோம்.

"எந்த நாட்டுக்குய்யா உளவு சொல்றீங்க? இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அர்த்தம் இருந்தா நான் பெயிலாயிருவேன் சார்" என்றார் அண்ணன்.

அடப்பாவி மனுஷா! மோர்ஸ் பரீட்சைக் கதையை நான் அவசர அவசரமாகச் சொன்னேன்.

அது நிஜமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் இங்கிலீஷில் 'ஸ்டேஷன்' என்று எழுதி என்னிடம் மட்டும் காட்டினார். "இங்கிட்டு வா. நீ சொல்லு, அவரு எழுதட்டும். தப்பாப் போச்சு, ரெண்டு பேரும் உள்ளதான்."

முதல் எழுத்து எஸ். மூன்று டிட். என் நாக்கு நடுங்கி நான்கு வந்துவிட்டது. நான்கு என்றால் ஹெச். அண்ணன் ஊகிக்காமல் ஹெச் என்றே எழுதிவிட்டார்!

"என்னய்யா, ஹெச்சுல ஆரம்பிக்குது? யாரு தப்பு?" இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எங் காதுதான் சார் மந்தம். தம்பி சரியாத்தான் சொன்னாரு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் காதைக் குறை சொன்னால் அடிக்க வருகிற மனுஷர்!

"இல்ல சார், நான்தான் ஒளறிட்டேன்!" என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்து வேறொரு வார்த்தை எழுதினார். இந்த முறை ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. "ஓடிப் போங்கய்யா" என்றார்.

வெளியே வந்ததும், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"நாலு டிட்டு நல்லாத்தான் கேட்டுச்சு. சொன்னா ஒன்னயப் புடிச்சு வச்சிருவாருல்ல?" என்றபடி ரயிலுக்கு ஓடினார்.

பாஸாகித்தான் திரும்பி வந்தார். அன்றைக்கு அவரைவிட அதிகமாக அழுதது நான்தான்.