காற்றுகூடப் புகாத மூன்று ஓட்டைகள்

இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிற எவனையும் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாதீர்கள். இட்லியைப் பிட்டு வாயில் போடும் முன் அது வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலை அதுதான். இரும்புத் தண்டு ஓட்டைக்குள் ஆடாமல் அசையாமல் உட்காருகிறதா என்று அளந்து, பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று சீல் குத்துவேன். (பெண் பார்க்கப் போன அன்றும் சட்டைப் பையில் அளவு பார்க்கிற வெர்னியர் இருந்தது. வெளியே எடுக்கவில்லை, சத்தியம்.)

அந்தப் பெண் ஸ்டெல்லா, என் மனைவி. அவளுடைய ஒரே தம்பி அருள். திருமழிசையில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் தச்சு வேலை பார்த்தான். அவன் மகள் ஜெனி சர்ச் பாடகர் குழுவில் யாரோ கொடுத்த இரவல் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கொரட்டூர் ஏரிப் பக்கம் இருந்த தன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் தன் கையாலேயே ஒரு கிட்டார் செய்தான். தலையில் கம்பியை முறுக்குகிற கீ மாட்டுவது மட்டும்தான் பாக்கி. அப்போது பார்த்து வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற ஏறக் கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரையே இரண்டு கையால் பிடித்தான்.

கிறிஸ்மஸ் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் ஸ்டெல்லாவிடம் சொல்லியிருந்தார். அருளிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. ஒரு நாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "மாமா, ஜெனி இதுல ஒரு பாட்டு வாசிச்சு நான் கேட்டுடணும். ஓட்டைய நீ போட்டுக் குடு" என்றான்.

வேலை இவ்வளவுதான். அந்தக் கிட்டாரின் தலையில் இரண்டு நீளமான திறப்புகள் இருந்தன. பக்கவாட்டிலிருந்து அந்தத் திறப்புகளுக்குள் போகிற மாதிரி இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு ஓட்டை போட வேண்டும். கடையில் வாங்கிய கீ செட்டில் ஒரு பித்தளைத் தகட்டுக்கு மூன்று உருளைகள். அவை ஓட்டை வழியாகத் திறப்புக்குள் போய் நிற்கும். கம்பியை உருளையில் சுற்றி, வெளியே இருக்கிற வெள்ளைத் திருகை முறுக்கினால் சுருதி ஏறும். (கம்பியில் பாதி நைலான். எங்கள் பேச்சில் எல்லாமே கம்பிதான்.)

கிளம்பும்போது அருள் சொன்னான். "கொஞ்சம் லூசா உடு மாமா. மழைக்கு மரம் ஊதிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. லூசா? நானா? ஒரு இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? நோயாளி என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் டூல் ரூமுக்குக் கிட்டாரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். டிரில்லிங் மிஷின் ஓட்டும் பாபு என் பழைய கூட்டாளி. பத்து மில்லிமீட்டர் உருளைக்குச் சரியாகப் பத்து மில்லிமீட்டர் ஓட்டை, கடைசியில் இரும்பு ஓட்டையை வழவழப்பாக்குகிற ரீமரை விட்டு உள்பக்கம் கண்ணாடி மாதிரி வர வேண்டும் என்றேன். பாபு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மரத்துக்கு ரீமரா? இன்னா சார் ஆச்சு உனக்கு?" என்றார். சொன்னதைச் செய்யுங்கள் என்று அதட்டினேன்.

முதல் மூன்று ஓட்டை முடிந்தது. உருளையைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஓர் ஊசிக்கு இடமில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டார். நான் போய்த் திரும்புவதற்குள் பாபு மற்ற மூன்றையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். உருளை உள்ளே லேசாக ஆடியது. எனக்கு வந்ததே கோபம். மனுஷனை நாலு பேர் முன்னால் வைத்துத் திட்டினேன். பாபு டிபன் பாக்ஸைத் திறந்தார்.

அதோடு விட்டேனா? ரிப்போர்ட் எழுதினேன். ஆறு ஓட்டைக்கும் அளவு போட்டு, மூன்றுக்குப் பாஸ், மூன்றுக்கு ரிஜெக்ட் என்று சீல் குத்தி, கையெழுத்தும் போட்டேன். படுத்திருக்கிற மச்சானிடம் பழங்களோடு அந்தக் காகிதத்தையும் கொடுத்த ஒரே மனிதன் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். அருள் அதைப் படித்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கீயை நானே மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் எட்டு நாள் மழை. கொரட்டூர் ஏரி நிரம்பி, அருள் வீட்டுச் சுவர் பாதி உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. கதவெல்லாம் ஊதிப்போய் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் திறந்தது. அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனபோதுகூட என் மண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். அருளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். நான் நடுவில் நின்று, ஓட்டையின் துல்லியம் பற்றிச் சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். வெர்னியரைக்கூடக் காட்டினேன். ஜெனி கம்பிகளை மாட்டினாள். பாபு போட்ட பக்கம், நான் ரிஜெக்ட் செய்த மூன்று கீயும் வழுக்கிக்கொண்டு சுற்றின. கட்டைக் குரல் கம்பி மூன்றும் சுருதிக்கு வந்தன. மறுபக்கம், நான் பாஸ் செய்த பக்கம், ஒரு திருகுகூட அசையவில்லை.

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் முறுக்கிப் பார்த்தேன். விரல் சிவந்ததுதான் மிச்சம். புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்துவிட்டு, கட்டிங் பிளேயரைக் கொண்டுவரச் சொன்னேன். அருள் வேண்டாம் என்று கையசைத்ததைப் பார்த்தேன். பார்த்தும் முறுக்கினேன். வெள்ளைத் திருகு உடைந்து கையோடு வந்தது. இன்னொன்றைப் பிடித்தேன். படக்கென்று ஒரு சத்தம். ஓட்டைக்கு மேலே மரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

தகட்டைக் கழற்றி ஓட்டையைப் பெரிதாக்கலாம் என்று உளறினேன். உருளைகளை மரம் கவ்விப் பிடித்திருந்தது, இழுத்தால் தலையே பிளந்துவிடும். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் என் கையில் விரிந்து கிடந்தன. அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது.

"உடு மாமா," என்றான் அருள். "மூணு சுத்துதுல்ல? போதும். ஜெனி, நீ வாசி."

ஜெனி அந்த மூன்று கம்பியிலேயே வாசித்தாள். அவள் சின்ன வயதில் தூங்குவதற்கு அருள் பாடுகிற பாட்டு. மெல்லிய சுரம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் கம்பி இல்லை. அங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டு அவளே முனகி நிரப்பினாள். அருள் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் சிரித்தான். "மீதி மூணு வெயில் வந்தா கேட்டுக்கிறேன்" என்றான்.

வெயில் வந்தது. அவன் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் போய்விட்டான்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தோம். வீடு நன்றாகக் காய்ந்திருந்தது. கிட்டார் மூலையில் நின்றது. சும்மா போய், நான் பாஸ் செய்த பக்கத்தில் உடையாமல் மிஞ்சியிருந்த திருகு ஒன்றைத் தொட்டேன். இரண்டு விரலில் சுற்றியது. பிளேயர் இல்லை, பலம் இல்லை, அதுபாட்டுக்குச் சுற்றியது. அதைச் சுற்றிக்கொண்டே நின்று அழுதேன். ஓட்டையை ஒரு நூல் லூசாகப் போட்டிருந்தால் அவன் முழுப் பாட்டையும் கேட்டிருப்பான். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜெனி விரிசலை ஒட்டி, புதுத் திருகு மாட்டி, இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் எது அரைகுறையாக நின்றாலும் அதற்கு 'மூணு கம்பி' என்று பெயர். சோறு பாதி வெந்தால் மூணு கம்பி. ஆவடி பஸ் பாதி வழியில் நின்றால் மூணு கம்பி. அதை முதலில் சொன்னது ஜெனிதான், அப்பாவின் முதல் வருட நினைவுநாளில், சரியாக வேகாத பிரியாணியைப் பார்த்து. அழுதுகொண்டிருந்த அவள் அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து யார் சொன்னாலும் எல்லோருக்கும் முன்னால் சத்தமாகச் சிரிப்பவன் நான்தான்.

ஸ்டெல்லா ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஓட்டையைப் பற்றியோ பிளேயரைப் பற்றியோ இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த ஜோக்கை யாராவது சொல்லும்போது மட்டும் சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சில நேரம் நாங்கள் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்க மாட்டோம்.