கூறைத் தட்டத்தில் ஓடிய தோணி

மோட்டார் ஓடியது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை யார் சொன்னாலும் இந்த இடத்தை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டு, நேராக என் வேட்டிக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து வெள்ளைக்கார விமானப்படைக்காரர் மூட்டை கட்டிய காலம். காங்கேசன்துறைப் பக்கத்தில் அவர்கள் விட்டுப்போன சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் தகரம், மரம், கட்டில் என்று உருப்படியான பொருள்களாக வாங்கினார்கள். நான் காற்றடித்து மிதக்கவிடும் மஞ்சள் ரப்பர் தோணி ஒன்றும், லொறி பற்றரி ஒன்றும், டைனமோ ஒன்றும் வாங்கினேன். (காக்கிக் களிசான் என்கிற கால்சட்டை ஒன்றும் வாங்கினேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) அப்போது நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பிக்கும் புது வாத்தியார். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கலாம் என்ற சந்தேகம் அந்த வயதில் எனக்கு வந்ததே இல்லை.

டைனமோவைச் சுற்றினால் மின்சாரம் வரும். மின்சாரத்தைக் கொடுத்தால் டைனமோவே சுற்றும். ஆகவே அதன் அச்சில் ஒரு நீளமான இரும்புக் கம்பியைப் பொருத்தி, தோணிக்குப் பின்னால் சாய்வாகத் தண்ணீருக்குள் இறக்கி, நுனியில் ஒரு விசிறி பூட்டினால் தோணி ஓடியே தீரவேண்டும். விசிறி ஒன்றுதான் சரிவரவில்லை. மரத்தில் செய்தேன், உடைந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் செய்தேன், வளைந்தது. தடித்த பித்தளை வேண்டும் என்று முடிவு செய்தபோது, குசினி அலுமாரிக்கு மேலே அம்மாவின் பெரிய பித்தளைத் தட்டம் கவிழ்ந்து கிடந்தது. அது கீழே இறங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்டினேன்.

(அது கூறைத் தட்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அண்ணைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.)

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீட்டார் கூறைச் சேலையைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். பெண் அதை உடுத்துக்கொண்டு மணவறைக்கு வந்த பிறகுதான் தாலி ஏறும். கூறை இல்லையென்றால் கல்யாணமே இல்லை.

பெண் மண்டைதீவு. பண்ணைக் கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அந்தப் பக்கம் தென்னைகள் தெரியும். கல்யாணத்தன்று காலை எல்லோரும் வத்தை என்கிற பாய்த்தோணிகளில் ஏறப் புறப்பட்ட நேரத்தில் அம்மா வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தார்.

"தட்டத்தைக் காணேல்லை. ஆரடா எடுத்தது?"

நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். அன்று கொஞ்சம் நீண்ட குளியல்.

காற்று விழப்போகிறது, நல்ல நேரம் தப்பப்போகிறது என்று வாசலில் ஆளுக்காள் கூப்பிட, அம்மா அடுத்த வீட்டுத் தட்டம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பதறி ஓடினார். நான் பெரியப்பாவிடம், "நீங்கள் போங்கோ. நான் என்ரை தோணியிலை வாறன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அண்ணையிடம் சொன்னார்: "உவன் வந்து சேரமாட்டான். பந்தியிலை ஒரு இலை குறைச்சுப் போடச் சொல்லு."

வத்தைகள் போன பிறகு, வீட்டுக் காவலுக்கு நின்ற சின்னம்மா உள்ளே இருந்து கூப்பிட்டார்.

"தம்பி, கட்டிலிலை ஒரு ஓலைப்பெட்டி கிடக்குது. உது என்ன?"

திறந்து பார்த்தோம். சிவப்புப் பட்டும் சரிகையும் பளபளத்தன. தட்டம் தேடிய அவசரத்தில் அம்மா கூறையை வைத்துவிட்டே போயிருந்தார். சின்னம்மா தலையில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தால் கரையில் ஒரு வள்ளம்கூட இல்லை. எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன.

எனக்குப் பயம் வரவில்லை. உள்ளதைச் சொன்னால், சந்தோஷம் வந்தது. மாப்பிள்ளையின் தம்பி என்ற முறையில் புதுப் பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தேன். கடற்பயணம் என்பதால் உள்ளே காக்கிக் களிசான். பற்றரியைக் காலுக்கு நடுவே வைத்து, ஓலைப்பெட்டியைத் தலையில் ஏற்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கம்பியைத் திருப்பி வயரைத் தொடுத்தேன்.

மறுபடியும் சொல்கிறேன், மோட்டார் ஓடியது. வேலைக்கு மனமில்லாத மாடு போலத்தான் போனது, ஆனால் நேராகப் போனது. இடையில் சாதாளை என்கிற கடற்புல் விசிறியில் சுற்றிக்கொண்டது. இறங்கி, ஆழமில்லாத அந்தக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, தலையில் கூறையோடு அதை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி ஏறினேன். அலை தோணியை ஆட்டியது. பற்றரிக்குள் இருந்தது தளும்பித் தோணியின் அடியில் தண்ணீரோடு கலந்தது. அதற்குள்தான் நான் சப்பாணி கட்டி இருந்தேன்.

பற்றரியின் மூடிகளை நான் கழற்றி வைத்திருந்தேன். உள்ளே உண்டாகும் வாயு அடைபடக் கூடாது அல்லவா? வாயுவைப் பற்றி இவ்வளவு தூரம் சிந்தித்த இரசாயன வாத்தியார், அதே ஓட்டையால் கந்தக அமிலம் வெளியே வரும் என்று சிந்திக்கவில்லை. தொடையில் இலேசாகக் கடித்தது. உப்புத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டைதீவுக் கரையில் கூட்டம் கூடியிருந்தது. கூறை இல்லாத செய்தி பரவி, ஒரு வத்தையைத் திருப்பி அனுப்ப ஆயத்தம் நடந்தது. ஐயர் தெரிந்த மந்திரமெல்லாம் சொல்லி முடித்து, திரும்ப முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம். தலையில் பெட்டியோடு என்னைக் கண்டதும் அம்மா அழுதேவிட்டார்.

"என்ரை பிள்ளை கொண்டந்திட்டான்."

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை, குனிந்து விசிறியைப் பார்த்தார். அதில் தட்டத்தின் தாமரைப்பூச் சித்திரம் பாதி அப்படியே இருந்தது.

"இது கொம்மாவின்ரை தட்டமெல்லோ?"

"ஓம். கூறை அதிலைதானே வந்திருக்குது" என்றேன்.

அந்தப் பதிலின் பெருமையோடு நேராகப் போய், மணவறைக்கு முன்னால் விரித்திருந்த பாயில் முதல் வரிசையில் அமர்ந்தேன். வெயிலிலும் காற்றிலும் வேட்டி காய்ந்து வந்தது. தண்ணீர்தான் காய்ந்தது, அமிலம் அங்கேயே நின்று தடித்துக்கொண்டிருந்தது. கூறை பந்தலைச் சுற்றி வந்து, பெண் கையில் ஏறி உள்ளே போனது. ஆட்கள் ஒருவருக்கொருவர் என்னைக் காட்டிக் கதைத்தார்கள். இப்படி ஒரு மரியாதை எனக்கு அதற்கு முதல் கிடைத்ததில்லை.

பெண் கூறையோடு வந்து அமர்ந்தாள். அண்ணை தாலியைக் கையில் எடுத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. பூவும் அரிசியும் தூவ எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.

வேட்டி எழவில்லை.

முழுவதுமாக இல்லை, கரை மட்டும் என்னோடு வந்தது. அமிலம் பருத்தியைத் தின்னும், பட்டைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடும். இதை நானே வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். இப்போது இடுப்பிலிருந்து ஒரு பட்டுக்கரை தொங்க, மிச்ச வேட்டி கந்தல் கந்தலாகப் பாயில் கிடந்தது. களிசான் தடித்த துணி, ஓட்டைகளோடு தப்பியிருந்தது. அதன் பின்பக்கத்தில் முகாம் முத்திரையும் ஓர் இலக்கமும் கறுப்பு மையில் தெளிவாக இருந்தன. பெண்ணின் தாய்மாமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த இலக்கத்தை வாசித்தார்.

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். தவில்காரருக்கு முதுகுப் பக்கம் நான் நின்றதால் அவர் தொடர்ந்து அடித்தார். குனிந்த தலையோடு இருந்த பெண் எப்படியோ பார்த்துவிட்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அண்ணைக்கு முடிச்சுப் போட முடியவில்லை.

"கொஞ்சம் ஆடாமல் இரும்" என்றார். அண்ணை அண்ணியோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏலாமல் கிடக்குது" என்றாள் அவள்.

"நேரம் போகுது" என்றார் ஐயர். அவர் மட்டும் என்னைப் பார்க்காமல் அண்ணாந்து பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வெட்கம் வந்தது அந்த இடத்தில்தான். கடலைத் தாண்டிக் கூறையைக் கொண்டுவந்தவனே இப்போது தாலியைத் தடுத்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்திருந்த பாயை அள்ளி உடம்பில் சுற்றிக்கொண்டு, சபைக்கு முதுகு காட்டாமல், பின்பக்கமாகவே நடந்து பந்தலை விட்டு வெளியேறினேன். நான் வாசலைத் தாண்டிய பிறகுதான் நாதஸ்வரம் மறுபடி கேட்டது. நேரம் தப்புவதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

பெண்ணின் தகப்பனார் தன் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பந்தியில், பெரியப்பா சொன்னபடியே, ஒரு இலை குறைவாக இருந்தது.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும், கூறைத் தட்டத்தில் கூறைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியும் வைப்பார்கள். என்னைச் சீண்டுவதற்காக அண்ணிதான் இதைத் தொடக்கினார். பிறகு சின்னவர்கள் காரணம் கேட்காமலே வைக்கப் பழகிவிட்டார்கள். அண்ணையின் மகளுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கும் போன ஆவணியில் கல்யாணம் நடந்தது. புது ஐயர் தட்டத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வேட்டி எதுக்கு?" என்று கேட்டார்.

"அது எங்கடை வழக்கம், ஐயா. கடலாலை வந்தது" என்றார் அண்ணி, சிரிக்காமல்.

ஐயர் பயபக்தியோடு அந்த வேட்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு மந்திரமும் சொன்னார். தட்டம் சபையைச் சுற்றி வந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கூறையைத் தொட்டு, வேட்டியையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் முறை வந்தபோது நானும் ஒற்றிக்கொண்டேன். பிறகு, எழுவதற்கு முதல், என் இடுப்பு வேட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.