சர்வர் ரிப்பேருக்குப் போன வாரம்

"இல்ல, எழுத முடியாது. படிக்க மட்டும்தான் முடியும்."

லிவியு அலமாரிக்குள்ள தலையை விட்டபடியே பதில் சொன்னான். அதனால குரல் ஊறுகாய் பாட்டிலுங்களுக்கு நடுவுல இருந்து வந்துச்சு. கேள்வி கேட்ட அவன் பொண்டாட்டி ஸ்மராண்டா, கையில காபிக் கோப்பையோட பின்னாடி நின்னுட்டிருந்தா.

"அந்த நோட்டீஸ் ஃபோல்டர்ல நான் எழுதணும்னு நினைச்சா?"

"உனக்கு என்ன எழுத இருக்கு?"

"ஏதாவது."

"அந்த ஏதாவதை என்கிட்ட வாயால சொல்லு. எழுதலாமா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

"ஓ," அப்படின்னா ஸ்மராண்டா.

அந்த அலமாரியில மேல் தட்டுல வெள்ளரி ஊறுகாய். நடுத்தட்டுல பனிக்காலத்து பூட்ஸ். கீழ்த்தட்டுல சர்வர். ப்ரெய்லா ஊர்ல, டான்யூப் ஆத்துக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த அந்த நாலு மாடிக் கட்டடத்துல யார் வீட்ல கம்ப்யூட்டர் வாங்கினாலும், அதோட கேபிள் பால்கனி பால்கனியா தாவி, துணிக்கொடிக்குள்ள நுழைஞ்சு, கடைசியில இந்த அலமாரிக்குள்ளதான் வந்து சேரும். படம், பாட்டு, கேக் செய்யற விதம், எல்லாம் சர்வர்ல ஃபோல்டர் ஃபோல்டரா இருக்கும். அவங்கவங்க வீட்ல உக்காந்து எடுத்துப் பாத்துக்குவாங்க. துறைமுகத்துல கிரேனுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பாத்துக்கிட்டே, ராத்திரிப் பள்ளியில படிச்சு, லிவியு கட்டின ராஜ்யம் அது. வீட்டுக்குள்ள டிவி ரிமோட் கூட அவன் பேச்சைக் கேக்காது. அலமாரிக்குள்ள மட்டும் அவன் ராஜா.

ராஜா இப்ப ஒரு சதி பண்ணிட்டிருந்தான்.

அதே கட்டடத்துல குடியிருந்த அவனோட சிநேகிதன் நியாகுகிட்ட ஒரு படகு இருந்துச்சு. பச்சைப் படகு. செப்டம்பர் முடிஞ்சதும் அதை ஒருத்தன் வாங்கிட்டுப் போகப் போறான். அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வாரம், ரெண்டு பேரும் படகுல எதிர்க்கரைத் தீவுக்குப் போயிடறதுன்னு பேச்சு. மாசி மாசப் பனியில கிரேன் மேல ஏறி நின்னு வயர் மாட்டும்போதே லிவியுவுக்கு அந்த வாரம் கண்ணுல தெரிய ஆரம்பிச்சிடுச்சு. வில்லோ மரம் தண்ணியைத் தொட்டுக்கிட்டு நிக்கும். மூடுபனி படகோட விளிம்பு வரைக்கும் வந்து, உள்ள வரலாமான்னு யோசிக்கும். தூண்டில் நூல் தூங்கும். மீன் கூட வேணாம் அவனுக்கு. யாரும் பேரைச் சொல்லிக் கூப்பிடாம ஒரு வாரம். அது போதும். பால்கனிக்குப் பால்கனி ஆடற கேபிளைப் பாத்தாக்கூட அவனுக்குத் தூண்டில் நூலாத்தான் தெரிஞ்சுது. ஒருநாள் இழுத்தே பாத்துட்டான். மூணாம் மாடியில பாண்டெலே வீட்ல படம் பாதியில நின்னு போச்சு.

ஆனா அதே வாரம்தான் ஸகுஸ்கா போடற வாரம். கத்திரிக்காயையும் குடைமிளகாயையும் கருகக் கருகச் சுட்டு, தோலை உரிச்சு, அண்டாவுல போட்டுக் கிண்டி, பாட்டில்ல அடைச்சு, பனிக்காலம் பூரா ரொட்டியில தடவிச் சாப்பிடணும். சுடறதும் கிண்டறதும் லிவியு. "இன்னும் கொஞ்சம்" சொல்றது ஸ்மராண்டா. போன வருஷம் புருவம் கருகிப்போய், கிறிஸ்துமஸ் வரைக்கும் எதைப் பாத்தாலும் ஆச்சரியப்படற மாதிரியே இருந்தான்.

"இந்த வருஷம் நான் வரல"ன்னு நேராச் சொல்லலாம்தான். சொன்னா ஸ்மராண்டா சண்டை போடமாட்டா. ஏன்னு கேப்பா. அதுதான் பிரச்னை. அதனாலதான் நோட்டீஸ் ஃபோல்டர். கட்டடத்துல எல்லாரும் படிக்கலாம். எழுதற அனுமதி லிவியுவுக்கு மட்டும். எழுத முடியாதவங்க எப்படி எதிர்த்துக் கேப்பாங்க? அதுல போட்டான்:

"குடியிருக்கறவங்க கவனத்துக்கு. சர்வர் ரொம்ப சூடாகுது. சனிக்கிழமையில இருந்து ஒரு வாரம் வெளியூர்ப் பட்டறையில வெச்சுப் பாக்கணும். நான் கூடவே இருந்தாகணும். சிரமத்துக்கு வருந்தறேன்."

வருந்தறேன்னு அடிக்கும்போது சந்தோஷத்துல விரல் வழுக்கிச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ஸ்மராண்டா சூப்பைப் பரிமாறிக்கிட்டே, "நோட்டீஸைப் படிச்சேன்" அப்படின்னா.

லிவியுவோட கரண்டி நின்னுச்சு.

"பாவம் சர்வர்," அப்படின்னா அவ.

கரண்டி நகந்துச்சு.

ஸ்மராண்டா மருந்துக்கடையில வேலை பாக்கறவ. டாக்டருங்க கையெழுத்தையே படிக்கிறவளுக்கு ஒரு புருஷன் மூஞ்சியைப் படிக்கறது பெரிய வேலையில்ல. லிவியு அதை அப்ப யோசிக்கல. அவன் மனசு ஏற்கனவே ஆத்துப் படகுல இருந்துச்சு.

"ஒரு சந்தேகம்," அப்படின்னா ஸ்மராண்டா. "உன் சர்வர்ல இருந்தாத்தான் எல்லாரும் பாக்க முடியுமா? இல்ல, என் கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபோல்டரையும் பாக்க வைக்கலாமா?"

வாத்தியார் வேலை வந்தா லிவியுவுக்கு மீன் கூட மறந்துடும். "தாராளமா வைக்கலாம். ஒரே கம்பியிலதானே எல்லாரும் இருக்கோம். ஃபோல்டர் மேல ரைட் க்ளிக் பண்ணு. பகிர்னு போடு. யாருக்குன்னு கேக்கும். எல்லாருக்கும்னு போடு. எழுதவும் விடலாமான்னு கேக்கும். அங்க ஒரு டிக்கு."

"அதை நீ அழிக்க முடியுமா?"

"உன் கம்ப்யூட்டருக்கு நீதான் முதலாளி. நான் தொடவே முடியாது."

"நல்லாருக்கே. எதுக்குக் கேட்டேன்னா, பாட்டில்ல ஒட்டற லேபிளை அக்கம்பக்கத்துல எடுத்துக்கட்டுமேன்னு."

மறுநாள் நெட்வொர்க்ல 'பாட்டில் லேபிள்'னு புதுசா ஒரு ஃபோல்டர் வந்துச்சு. லிவியு தினமும் அதைப் பாத்தான். திறக்கல. லேபிள்ல என்ன இருக்கப் போகுது?

அதுக்கப்புறம்தான் கட்டடமே அவன்கிட்ட அன்பா நடந்துக்க ஆரம்பிச்சுது. ரெண்டாம் மாடி ஒலிம்பியாம்மா படிக்கட்டுல அவன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"லிவியு, உன் மனசு யாருக்கு வரும். வாரம் பூராவாமே."

"என்ன பண்றது ஒலிம்பியாம்மா. எல்லாருக்கும் சேத்துதானே."

"சூடு வேற."

"சூடுதான் பிரச்னையே."

பாண்டெலே சந்தைப்பையோட வழிமறிச்சான். "அண்ணே, என்னோடது கொஞ்சம் அதிகமாப் போச்சு. தாங்குவீங்களா?"

அவன் சேத்து வெச்சிருக்கற படங்களைச் சொல்றான்னு லிவியு நினைச்சுக்கிட்டான். "கொண்டா, கொண்டா. இடம் இருக்கு."

"தங்கமான மனுஷன்ணே நீங்க."

நம்ம அருமை நம்ம மெஷினுக்கு உடம்பு சரியில்லாதப்பதான் தெரியுதுன்னு லிவியு நினைச்சுக்கிட்டான். கண்ணு லேசா கலங்கிச்சு. திரும்பி வரும்போது இவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மீன் கொண்டாரணும்னு முடிவு பண்ணான்.

சனிக்கிழமை வந்துச்சு. சர்வரை ஒரு கம்பளியில சுத்திக் கக்கத்துல வெச்சுக்கிட்டான். தூண்டில் முந்தின நாளே நியாகு வீட்டுக்குப் போயாச்சு. ஸ்மராண்டா வீட்ல இல்ல. சந்தைக்குப் போயிருப்பா. விடைபெறக்கூட வேணாம். கனவு இவ்வளவு சுலபமாத் திறக்குமான்னு யோசிச்சுக்கிட்டே படி இறங்கி, நியாகு நிக்கிறதாச் சொன்ன பின்வாசலைத் திறந்தான்.

முதல்ல மூடுபனி தெரிஞ்சுது. வெள்ளையா, மெதுவா, தரையோட தரையா வந்துச்சு. ஆறே வாசலுக்கு வந்துடுச்சுன்னு அவனுக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு. அப்புறம் அதுல குடைமிளகாய் வாசனை அடிச்சுது.

முற்றம் பூரா அடுப்பு. அடுப்பு மேல தகரம், தகரத்து மேல கத்திரிக்காய். சுவரோரமா மூட்டை மூட்டையா மிளகாய், வீட்டு நம்பர் ஒட்டி வெச்சிருந்துச்சு. நட்டநடுவுல ஒரு அண்டா. ஒரு ஆள் குளிக்கலாம். பக்கத்துல ஸ்மராண்டா. அவன் வர்றதைப் பாத்ததும் எல்லாரும் கைதட்டினாங்க.

"இது என்ன?"

"உன் வாரம்," அப்படின்னா ஸ்மராண்டா. "ஒரு வாரம் படம் இல்லைன்னா ஜனங்க என்ன செய்வாங்க, பாவம். அதான் இந்த வருஷம் கட்டடத்துக்கே சேத்துப் போடலாம், லிவியு கிண்டறேன்னுட்டார், எவ்வளவு கொண்டு வர்றீங்கன்னு எழுதுங்கன்னு போட்டேன். எல்லாரும் எழுதிட்டாங்க."

"எங்க போட்ட?"

"என் ஃபோல்டர்ல."

"லேபிள்னு சொன்னியே?"

"லேபிளும் இருக்கு. உனக்கும் படிக்க அனுமதி குடுத்திருந்தேனே. எழுதக்கூட குடுத்திருந்தேன். 'நான் வரல'ன்னு ஒரு வரி அடிச்சிருந்தா விட்டிருப்பேன்."

லிவியு வாயைத் திறந்தான். புகை உள்ள போச்சு. "சர்வரைப் பட்டறைக்குக் கொண்டு போகணுமே."

"எந்தப் பட்டறை?"

அதுக்கு அவன் பேர் யோசிச்சு வைக்கல. பாண்டெலே பக்குவமா வந்து கம்பளி மூட்டையை வாங்கிக்கிட்டான். "என் மச்சினன் இதே தொழில்தான்ணே. இங்கயே வந்து பாக்கறேன்னுட்டான். உங்களுக்கு அலைச்சல் வேணாம்." கம்பளி மேல கையை வெச்சுப் பாத்தான். "இப்ப சூடு இல்லண்ணே. குழந்தை தூங்குது."

சுவரோரமா ஒரு மூட்டை மேல நியாகு உக்காந்திருந்தான். லிவியு போய்ப் பக்கத்துல உக்காந்தான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் புகையைப் பாத்தாங்க.

"உனக்கும் தெரியுமா?"

"என் வீட்டுக்காரியும் அந்தக் கம்பியிலதானேடா இருக்கா. எனக்கு முன்னாடி அவ படிச்சிட்டா. இந்த மூட்டையே எங்களோடதுதான்."

"படகு?"

"கரையில கட்டிக் கிடக்குது. வாங்கறவன் அடுத்த சனிக்கிழமை வர்றான்." நியாகு மூட்டைக்குப் பின்னாடி கையை விட்டு நீளமா ஒண்ணை எடுத்து லிவியுவோட மடியில வெச்சான். சோடா போட்டுத் தேய்ச்சுக் கழுவின துடுப்பு. "உன் பொண்டாட்டி கேட்டா. இவ்வளவு பெரிய அண்டாவுக்குக் கரண்டி எட்டாதாம்."

லிவியு துடுப்பைத் தடவிப் பாத்தான். ஈரமா இருந்துச்சு. கண்ணை மூடினான். வில்லோ மரம் தண்ணியைத் தொட்டுது. பனி விளிம்பு வரைக்கும் வந்து நின்னுச்சு. யாரும் எதுவும் பேசல.

"லிவியு," அண்டா பக்கத்துல இருந்து குரல் வந்துச்சு. "கரையில உக்காந்தது போதும். அடிப்பிடிக்குது, வந்து துடுப்பை வலி."

எழுந்து போனான்.