வெள்ளைப்பூப் பல்கலைக்கழகம்

கொல்லிமலை இயற்கை எழில் மிக்க மலையாகும். இங்கே பலாவும் மிளகும் செழித்து விளைகின்றன. அண்மைக் காலமாக இவ்விரண்டையும் விஞ்சி மூடநம்பிக்கை அமோகமாக விளைகின்றது. அதற்கு உரம் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரு சாமியாரும் கொஞ்சம் பெற்றோரும் போதும்.

வளப்பூர் நாட்டில் செவ்வாய்தோறும் பேருந்துகள் பிதுங்கி வழிந்தன. பெரக்கரை நாட்டிலிருந்தும், அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்தும் மக்கள் திரண்டு வந்தனர். அனைவரும் நாடி வந்தது அருள்வாக்கு அர்த்தனாரியை. இடுப்பில் காவி, கழுத்தில் உருத்திராட்சம், அதன்மேல் டை. ஆன்மிகமும் அயல்நாடும் ஒரே கழுத்தில் குடியிருந்த காட்சி பக்தர்களைப் பரவசப்படுத்தியது.

அவர் ஆற்றிய தொண்டு யாது? பெண் பார்க்குமுன்பும் கிணறு வெட்டுமுன்பும் அம்மனிடம் பூக்கேட்பது அப்பகுதி வழக்கம். வெள்ளரளி ஒரு வாழையிலைப் பொட்டலத்திலும், செவ்வரளி இன்னொன்றிலும் இருக்கும். கண்ணை மூடி எடுத்தது வெள்ளையாயின் அம்மன் சம்மதம்; சிவப்பாயின் மறுப்பு. அர்த்தனாரி காலத்துக்கேற்ப அம்மனின் இலாகாவை விரிவுபடுத்தினார். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, பிள்ளையை அங்கே அனுப்பலாமா என்று பூக்கேட்டார். வெள்ளை வந்தவுடன் அவர் கைகாட்டிய ஏஜென்ட்டிடம் பெற்றோர் ஓடினர். எடுக்காத பொட்டலத்தைப் பிரிப்பது அம்மனையே சந்தேகிப்பதாகும் என்பதால், அது அப்படியே ஓடையில் விடப்பட்டது.

அந்தத் திரளில் சென்றாயனும் நின்றார். வெள்ளைப் பூ வருமென்று நம்பி, மிளகுத் தோட்டத்தைப் போக்கியத்துக்கு விட முன்கூட்டியே ஆள் பேசிவிட்டார். அதை விட்டால் குடும்பத்துக்கு வேறு பிடிமானம் இல்லை. ஆயினும், மகள் யமுனா அயல்நாட்டில் பட்டம் பெறப்போகிறாள் என்னும் எண்ணம் அவரது நடையையே மாற்றியிருந்தது. சந்தைக்குக் கூட அவர் விமான நிலையத்துக்குப் போகிறவரைப் போலவே போனார்.

மனைவி பொன்னாயிக்கு வெளிநாட்டின்மேல் பகை ஏதுமில்லை. சில கேள்விகள் மட்டுமே இருந்தன. முறை வந்ததும் கேட்டார். அந்தப் பட்டம் இங்கே வேலைக்குச் செல்லுமா? மகள் எங்கே தங்குவாள்? காய்ச்சல் வந்தால் பார்ப்பது யார்? அங்கே படித்துத் திரும்பியவர் எவரேனும் உண்டா?

“அத்தனையும் பூ சொல்லுமுங்க அம்மணி” என்றார் அர்த்தனாரி. அறிவுக்கு இத்துணைச் சிக்கனமான விடையை எந்தப் பேராசிரியரும் அளித்ததில்லை.

“அந்தக் காலேஜு எந்த ஊர்லன்னு நானும் கேட்டேம்மா. வடக்க எங்கயோவாம்” என்று முணுமுணுத்தாள் யமுனா.

“சாமிகிட்ட எதிர்க்கேள்வி கேக்காத கண்ணு” என்று அடக்கிய சென்றாயன், கண்களை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை. குலவை எழுந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அர்த்தனாரி மற்றப் பொட்டலத்தை ஓடையில் எறியக் கை நீட்டினார். பொன்னாயியின் கை முந்திக்கொண்டது.

“இதையும் பிரிச்சுப் பாத்தரலாமுங்க.”

“தெய்வக் குத்தமாயிருமுங்க.”

“உள்ள சிவப்பு இருந்தா உங்க கால்ல வுழுந்து எந்திரிக்கறேன். இல்லீன்னா நீங்க எந்திரிங்க.”

பிரித்தார். உள்ளே வெள்ளரளி.

அர்த்தனாரி அனுபவசாலி. அம்மன் இரட்டைச் சம்மதம் தந்துவிட்டதாக உடனே அறிவித்தார். கும்பிடக் கைகள் எழுந்தன. சென்றாயனின் கைகளும் எழுந்தன. ஆனால் பாதியில் நின்றன. அதற்குள், இதுவரை எந்த வீட்டுக்காவது சிவப்பு வந்ததுண்டா என்று பொன்னாயி கூட்டத்தைக் கேட்டுவிட்டார். ஒருவருக்கும் வந்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பே தேறாத தன் மகனுக்கும் வெள்ளைதான் வந்தது என்பது கூட்டத்தில் நின்ற தனபாலுக்கு அப்போதுதான் உறைத்தது. அதனை அவர் அம்மனின் பெருந்தன்மை என்று கருதியிருந்தார்.

மீதிப் பொட்டலங்கள் இருந்த கூடையைச் சென்றாயனே கவிழ்த்தார். பொட்டலம் பொட்டலமாகப் பிரித்தார்கள். எல்லாம் வெள்ளை. அவ்விடத்தில் சிவந்திருந்தது அர்த்தனாரியின் முகம் ஒன்றே.

“ஆளுக்கு இத்தனைன்னு ஏஜென்ட்டு கமிஷன் தராருங்க” என்றார் அவர், டையைத் தளர்த்தியபடி. “நாமளும் பொழைக்கோணுமில்லீங்க.”

சென்றாயன் அங்கேயே நின்று, தோட்டத்தைக் கேட்ட ஆளுக்குப் போன் செய்து, விடப்போவதில்லை என்று தெரிவித்தார். யமுனாவின் முகம் வாடியது.

“அப்ப நான் படிக்கப் போக வேண்டாங்களாப்பா?”

“போ கண்ணு. மொதல்ல உங்கம்மா கேட்டதுக்கெல்லாம் அந்தக் காலேஜு பதில் சொல்லட்டும். பதில் சொல்லாத காலேஜு நமக்கெதுக்கு?”

கூட்டம் கலைந்தது. தனபால் மட்டும் பொன்னாயியை அணுகி, நேர்மையாகப் பூக்கேட்டுச் சொல்லும் வேறு சாமியார் அக்கம்பக்கத்தில் உண்டா என்று பணிவுடன் விசாரித்தார்.

பெற்றோரே, பூவுக்கு வாய் கிடையாது, உங்களுக்கு உண்டு. கேளுங்கள். கேட்குமுன் சற்றுச் சிந்தியுங்கள். அதற்கென்றும் ஓர் உறுப்பு கழுத்துக்கு மேலே சும்மா கிடக்கின்றது.