தவிட்டுக்காரரின் கால் நின்ற வாசல்

திருவண்ணாமலையில் யாருக்கும் எதற்கும் நிற்காத கால் ஒன்று இருந்தது என்றால், அது தவிட்டுக்காரருடைய கால்தான். மாட்டுக்குத் தவிடு விற்பவர். தலையில் மூட்டையோடு மலையைச் சுற்றி வந்துவிட்டு, அதே வேகத்தில் வியாபாரத்துக்குப் போவார். அண்ணாமலையார் தேரே நின்றாலும் இவர் நிற்கமாட்டார். தவிடு வேண்டுமென்றால் நாம்தான் கூடவே ஓட வேண்டும். நடந்துகொண்டே அளந்து போடுவார்.

அந்தக் கால் ஒரு வாசலில் தானாக நின்றுவிட்டால் தெருவே அடங்கிவிடும். பிறக்கும்போதே செத்துப் பிழைத்த பிள்ளை அந்த வீட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். "இன்னா பண்றது, கால் நவுர மாட்டேங்குது" என்பார். ஒரு பிடி தவிட்டை முறத்தில் போட்டு, அதற்கு விலையாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டு மூன்றடி நடப்பார். பிறகு தாயிடமே திருப்பிக் கொடுப்பார். "இனிமே இது எம்புள்ள. நீ வளத்துக் குடு, போதும்." தேடி வரும் எமன் விலாசம் தெரியாமல் திரும்பிவிடுவான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டார்.

"உள்ள ஒரு கொழந்த இருக்குது."

"யோவ், இங்க ஏதுய்யா கொழந்த? தொப்பைங்கதான் இருக்குது" என்று சிரித்தார் ஏட்டு.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் கையில் ஒரு பிடி தவிட்டை வைத்துவிட்டு இவர் நடையைக் கட்டினார். சப்-இன்ஸ்பெக்டர் விளையாட்டாக ஊரிலிருந்த தாயாருக்கு எழுதிக் கேட்டார். கழுத்தில் கொடி சுற்றி மூச்சில்லாமல் பிறந்தவராம். குழி வெட்ட ஆள் போன பிறகு தும்மினாராம். அன்றிலிருந்து தவிட்டுக்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். "தொப்பிய நேரா வைடா" என்று இவர் அதட்டிவிட்டுப் போவார்.

நானும் சிரித்தவன்தான், எழுபதுகளின் நடுவில் என் மகள் பிறக்கும் வரை.

பிறந்ததும் அவள் அழவில்லை. உடம்பெல்லாம் நீலம். நர்ஸம்மா வெகுநேரம் போராடிய பிறகு ஒரு சின்ன முனகல் வந்தது. மயக்கத்தில் இருந்த என் மனைவிக்கு இது தெரியாது. பயந்துவிடுவாள் என்று நானும் மறைத்தேன். அண்ணாமலையாரிடம் மட்டும் சொல்லி அழுதேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் உச்சி வெயிலில் தெரு திடீரென்று அடங்கியது. எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலில் அந்தக் கால்.

"சுகப்பிரசவம்ங்க. நீங்க கெளம்புங்க" என்றேன்.

"நானா நிக்கறேன்? காலைக் கேளு. புள்ள பால் குடிச்சுதா?"

உள்ளேயிருந்து மனைவி பெருமையாகச் சொன்னாள். "காத்தாலேர்ந்து கேக்கவே இல்லீங்க. அழறதே இல்ல, அவ்ளோ சமத்து!"

அவர் முகம் மாறியது. "போய்ட்டு வந்த புள்ளைங்க பசிச்சாலும் அழாதும்மா. வழி தெரிஞ்சதுங்க. சத்தமில்லாம கெளம்பிடும்."

"இன்னாங்க சொல்றாரு?" மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தவிட்டைத் தரையிலேயே கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கினார். ஓரடி, இரண்டடி, மூன்றடி. திரும்பவில்லை. நாலாவது அடியும் வைத்தார்.

"எம்புள்ளய நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன். வர்றவங்க வாங்க!"

மனைவியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு விரட்டினேன். குதிரையால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

பொழுது சாயும் வரை விட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்றார் டாக்டர். குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பால் இறங்கியது. எட்டாம் நாள் காலையில் வார்டே அதிரும்படி வீறிட்டாள். அத்தனை நாளும் ஆஸ்பத்திரி வாசலில் அசையாமல் நின்றவர், மூட்டையைத் தலையில் வைத்தார். "ம்... இப்ப நவுருது."

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு மகன் பிறந்தான். தவிட்டுக்காரர் அதற்கு முந்தைய வருஷமே அண்ணாமலையார் திருவடி சேர்ந்திருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், மனைவி முறத்தை வாசலில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

உச்சி வெயிலில் தெரு அடங்கியது. வேகமான காலடிச் சத்தம் ஒன்று வந்தது. எங்கள் வாசலைத் தாண்டி, நிற்காமல் போயிற்று. தெருவில் ஆளே இல்லை.

"நிக்கல. புள்ள நல்லாருக்கான்" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் மட்டும் தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னைப் பாக்கவாவது நின்னிருக்கலாம் இல்ல?"