சாமி படத்துக்குப் பின்னால் நாற்பத்தெட்டு எண்கள்

நேற்றுக் காலை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அப்பாவின் குரலை லேப்டாப்பிலிருந்து பென்டிரைவுக்கு மாற்ற வேண்டும்.

அப்பா போய் ஒரு வருஷம். பதினோரு மணிக்கு வீட்டில் படையல். ஆயர் தாவார் ஊரிலிருந்து அண்ணன் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"படையல் முடிஞ்சதும் அப்பா பேசுறத எல்லாரும் கேக்கணும்டா."

கடைசி மாசத்தில் அப்பாவின் நாற்காலி பக்கத்தில் போனை ஓடவிட்டு நான் பதிவு செய்தது. இருப்பது அது ஒன்றுதான். கேட்க மனசு வராமல், லேப்டாப்புக்கு மாற்றி அப்படியே பூட்டி வைத்திருந்தேன்.

கமுந்திங் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து லேப்டாப்பைத் திறந்தேன்.

நீலத் திரை! நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்றது.

கொடுக்க வேண்டியதுதான். போன வாரம் அதைக் கழற்றி, ஃபேன் துடைத்து, உள்ளே எதையோ ரீசெட் செய்து மாட்டியது யார்? வீடியோ பார்த்தே இன்ஜினியர் ஆன அடியேன். டிஸ்க் முழுவதையும் பூட்டியதும் அடியேன். திருடன் வந்துவிட்டால்? பாதியில் நின்ற என் சோகக் கவிதைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டால்?

பயப்படவில்லை. அந்த எண்களைத் தாளில் அச்சடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தேன். எந்தத் திருடனும் அங்கே கை வைக்க மாட்டான்.

திருடன் வைக்கவில்லை. என் மனைவி வைத்திருந்தாள்.

தாளில் இரண்டு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சுரண்டினேன். சந்தனத்தோடு மையும் வந்துவிட்டது.

"செல்வி! இது என்ன?"

"சரஸ்வதி பூசைக்கு வச்சதுங்க. எல்லாத்துக்கும் வைக்கிறதுதானே?"

"இதுக்குமா?"

"சாமி பின்னாடி நம்பர் எழுதி வச்சா வேற என்ன நெனைக்கிறதாம்? நாலு நம்பர் எடுக்கத்தான் வேண்டிக்கிட்டு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

நானா? நாலு நம்பர் லாட்டரிக் கடைப் பக்கம் போகிறவர்களைப் பார்த்தாலே அரை மணி நேரம் புத்தி சொல்கிறவன்!

அண்ணன் எட்டிப் பார்த்துப் பதறினார். "அலாமாக். முடிஞ்சிச்சா?"

"இருங்கண்ணே. இதுல ஆறு ஆறு எண்ணா எட்டுக் கட்டு. ஒவ்வொரு கட்டும் பதினொன்னால மீதியில்லாம வகுபடும்." முதல் பொட்டு ஓர் எண்ணைத்தான் தின்றிருந்தது. ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். அண்ணன் வாயைப் பிளந்தார். வாழ்க்கையிலேயே முதல்முறை.

இரண்டாவது பொட்டு கடைசி நாலு எண்ணையும் தின்றிருந்தது.

"இதையும் கணக்குப் போடுலா."

"போட்டேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் வாய்ப்பு இருக்கு."

"நல்லது. ஒவ்வொன்னா தட்டு. அடுத்த வருஷப் படையலுக்கு ரெடியாயிரும்."

மணி பத்தே முக்கால். வாசலில் சொந்தக்காரர்களின் செருப்பு சேர ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு குரல். அதையும் நானே பூட்டி, நானே தொலைத்துவிட்டேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

செல்வி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, கடைசி நாலு நம்பரா?"

"ஆமா."

"ரெண்டு, ஏழு, ஆறு, நாலு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டு வச்ச அன்னைக்கே போய் எடுத்தேன். அடிக்கல."

"அதை இவ்வளவு நாளா ஞாபகம் வச்சிருக்கியா?"

"வாராவாரம் எடுக்குறேனே!"

தட்டினேன். திறந்தது!

படையல் முடிந்து, எல்லாரும் கைகூப்பி உட்கார, அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டார். முதலில் இருமல். அப்புறம் அப்பா.

"செல்வி, நம்ம நம்பர் வந்துச்சாம்மா?"

"வரல மாமா."

"பரவால்ல, மறுபடி எடு. இவன்கிட்ட சொல்லிறாத. லெக்சர் கொடுத்தே கொன்னுருவான்."

வீடே சிரித்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். செல்வி சமையலறைக்கு ஓடிவிட்டாள். நான் அதை நாலு தடவை திரும்பப் போட்டேன்.

முக்கியமான தகவலை வாராவாரம் பேக்-அப் எடுக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அதை ஏற்கனவே செல்வி பார்த்துக்கொள்கிறாள்.