மச்சானுக்கு வைத்த ஜூஸ்

அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். எங்கள் வீட்டு மொட்டைமாடி முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்து முடிக்கும்வரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன்!

காரணம் இருக்கிறது. நான் பெயின்டர். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் வரும். பாத்ரூம் போனால் பாதியில் விட்ட பெயின்ட் காய்ந்து கோடு விழும். கோடு விழுந்தால் என் மானம் போகும். இதெல்லாம் என் மனைவிக்கு எங்கே புரிகிறது?

"இந்த வெயில்ல மயங்கி விழுந்து வைக்காதீங்க."

"நானா? சூரியனே என்னைப் பார்த்துத் தொப்பி போட்டுக்கும்!"

"அப்ப நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க. வாளியில தண்ணி பாட்டில் வைக்கறேன், கயித்தால மேல இழுத்துக்குங்க. காலியாத்தான் திரும்பி வரணும்."

காலியாகத்தான் போனது. மூன்று பாட்டிலையும் பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடிக்கு ஊற்றினேன். செடி தளதளவென்று நின்றது. எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டு தலை கிர்ரென்று சுற்றியது.

அவளே படியேறி வந்துவிட்டாள்.

"மூணு பாட்டில் குடிச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட பாத்ரூமுக்கு இறங்கி வரலையே?"

"எல்லாம் வேர்வையாப் போயிடுச்சு."

"சட்டை அப்பளமாட்டம் காஞ்சிருக்கு?"

நான் ரோலரைப் பெயின்ட்டில் முக்கி மும்முரமாக உருட்டத் தொடங்கினேன்.

அவள் சண்டை போடவில்லை. கீழே போய் ஒரு ஜக்கைக் கொண்டுவந்து மாடிப்படி நிழலில் வைத்தாள்.

"எலுமிச்சம்பழ ஜூஸ். சர்க்கரை, உப்பெல்லாம் போட்டிருக்கேன். என் தம்பி வர்றான், அவனுக்கு. தொட்டீங்க, தெரியும் சேதி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷனுக்குப் பச்சைத்தண்ணி, மச்சானுக்கு ஜூஸா? அப்படி என்ன வெட்டி முறித்துவிட்டான் அவன்? கல்யாணத்தன்றைக்கே அவன் முழி எனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் என் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்தவன்தானே!

ரோலரைத் தூக்கி எறிந்தேன். கோடு விழுந்தால் விழட்டும். நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜக்கை அண்ணாந்து கவிழ்த்தேன். அவனுக்கென்று ஒரு விதைகூட மிச்சம் வைக்கவில்லை. காது திறந்தது. கண் தெளிந்தது.

காலி ஜக்கோடு ஜம்மென்று இறங்கி வந்தேன்.

"உன் தம்பி வந்தா குழாயைத் திறந்து குடிக்கச் சொல்லு!"

அவள் ஜக்கை வாங்கிக்கொண்டாள். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சூடு குறைஞ்சிடுச்சு. இப்ப நல்லா யோசிச்சுச் சொல்லுங்க... எங்க வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. எனக்கு ஏதுங்க தம்பி?"